கேலரியில் ஆயிரக்கணக்கில் படம்... தேடுற படம் மட்டும் எங்கே? ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கும் 'ட்ரோபி': தொடங்குவது எப்படி?

மொபைல் கேமரா வந்த பிறகு ஆய்வு செய்யும் விதமே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஆவணக் காப்பகத்துக்குப் போனால் பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்து வரி வரியாக நகல் எடுக்க வேண்டும். இப்போது அனுமதி கிடைத்தால் போதும்... கிளிக், கிளிக், கிளிக். மாலைக்குள் முந்நூறு படம் சேர்ந்துவிடும். 'வீட்டுக்குப் போய்ப் பொறுமையா படிச்சுக்கலாம்' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

சிக்கல் அந்தப் 'பொறுமையா'வில்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஆய்வேட்டின் மூன்றாவது இயலை எழுதும்போது ஒரு முக்கியமான வரி ஞாபகத்துக்கு வரும். படமும் கேலரியில் இருக்கும். ஆனால் அது எந்தக் கட்டு, எந்தக் கோப்பு, எத்தனையாவது பக்கம்? எதுவும் தெரியாது. படத்தின் பெயர் 'ஐ.எம்.ஜி. 2047'. அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத சான்றை ஆய்வேட்டில் போட முடியாது. திரும்பவும் பஸ் பிடித்து, திரும்பவும் அனுமதி வாங்கி, திரும்பவும் அதே கட்டைக் கேட்க வேண்டியதுதான்.

இந்தத் தலைவலியைத் தீர்ப்பதற்காகவே உருவாக்கப்பட்ட இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. பெயர் 'ட்ரோபி'. அது என்ன செய்கிறது, யாருக்குப் பயன்படும், முதல் நாள் எங்கிருந்து தொடங்குவது? பார்க்கலாம்.

ட்ரோபி என்றால் என்ன?

ஆய்வுக்காக எடுத்த படங்களை அடுக்கி, விவரம் எழுதி, தேடி எடுக்க உதவும் கம்ப்யூட்டர் மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். கட்டணம் கிடையாது. ஓப்பன் சோர்ஸ், அதாவது இதன் மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் உள்ள ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் ராய் ரோசன்ஸ்வைக் வரலாறு மற்றும் புதிய ஊடக மையம்தான் இதை உருவாக்கியது. வரலாற்றாசிரியர் ராய் ரோசன்ஸ்வைக் 1994-ல் தொடங்கிய மையம் அது. ஆய்வு மாணவர்கள் பலர் பயன்படுத்தும் 'ஸோட்டெரோ'வும் 2006-ல் அங்கிருந்து வந்ததுதான். புத்தகம், கட்டுரைகளின் மேற்கோள் விவரங்களுக்கு ஸோட்டெரோ என்றால், காப்பகத்தில் எடுத்த படங்களுக்கு ட்ரோபி. ஆண்ட்ரூ மெலன் அறக்கட்டளையின் நிதியுதவியுடன் 2017-ல் இது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

'கூகுள் போட்டோஸ்லயே தேடிக்கலாமே... இது எதுக்கு?'

நியாயமான கேள்வி. கல்யாண ஆல்பத்துக்கும் டூர் படங்களுக்கும் கேலரி ஆப் போதும். முகத்தை வைத்து, இடத்தை வைத்து, தேதியை வைத்து அது தேடித் தரும். ஆனால், ஆய்வாளருக்கு வேண்டியது வேறு.

கேலரிக்குத் தெரிந்த தேதி, படம் 'எடுத்த' தேதி. ஆய்வாளருக்கு வேண்டியது, படத்தில் இருக்கும் கடிதம் 'எழுதப்பட்ட' தேதி. கேலரிக்குத் தெரிந்த இடம், செல்போன் இருந்த இடம். ஆய்வாளருக்கு வேண்டியது ஆவணம் வந்த இடம். எல்லாவற்றையும்விட முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கேலரிக்கு ஒவ்வொரு படமும் தனித்தனி. ஆய்வாளருக்கோ எட்டுப் பக்கக் கடிதத்தின் எட்டுப் படங்களும் சேர்ந்து ஒரே ஆவணம்.

இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்றே போதும்.

படம் மாறினால் வயசும் மாறும்: உத்திரமேரூர் சொல்லும் பாடம்

காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில் உள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் குடவோலைக் கல்வெட்டு பள்ளிக்கூடப் பாடத்திலேயே உண்டு. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாகச் சொல்லும் கல்வெட்டு அது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்பது வரை எல்லோருக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, இது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு என்பது. இரண்டுமே முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஒன்று அவனது 12-வது ஆட்சியாண்டைச் சேர்ந்தது, சுமார் கி.பி. 919. மற்றொன்று 14-வது ஆட்சியாண்டு, சுமார் கி.பி. 921. இரண்டு ஆண்டு இடைவெளியில் சபை தன் விதிகளைத் திருத்தியிருக்கிறது. முதல் கல்வெட்டில் உறுப்பினராகத் தகுதியான வயது 30-க்கு மேல், 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல், 70-க்குள்.

இப்போது ஒரு மாணவி அங்கே போய் இரண்டு கல்வெட்டையும் படம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீளமான கல்வெட்டு ஒரே ஃபிரேமில் அடங்காது. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமானால் துண்டு துண்டாகத்தான் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கேலரியைத் திறந்தால் எல்லாப் படமும் ஒரே கல், ஒரே எழுத்து, ஒரே வெயில். எது 12-வது ஆண்டு, எது 14-வது ஆண்டு? தெரியாமல் ஒரு துண்டை மாற்றி வைத்துவிட்டால், 921-ல் வந்த விதியை 919-க்குப் போட்டுவிடுவார். சபை விதியைத் திருத்தியது என்ற செய்தியே, அதாவது அந்த இரண்டு கல்வெட்டுகளின் சுவாரசியமான பகுதியே, காணாமல் போய்விடும்.

படம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தோடு இருக்க வேண்டிய குறிப்பு இல்லை. ட்ரோபி செய்வது இந்தக் குறிப்பைப் படத்தோடு கட்டிப் போடுவதுதான். மற்ற வசதிகள் எல்லாம் அதற்குப் பிறகு.

யாருக்கெல்லாம் இது உதவும்?

* ஆவணக் காப்பகங்களில் வேலை செய்யும் ஆய்வு மாணவர்கள். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909-ல் 'மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்' ஆகத் தொடங்கியது. அங்குள்ள அரசாணையை மேற்கோள் காட்ட வேண்டுமென்றால் துறை, ஆணை எண், தேதி மூன்றும் வேண்டும். படத்தில் தெரிவது மட்டும் போதாது.
* கோயில் கோயிலாகப் போய்க் கல்வெட்டு, சிற்பம், நடுகல் ஆவணப்படுத்தும் ஆர்வலர்கள்.
* பழைய பத்திரிகைகளைப் புரட்டும் செய்தியாளர்கள், எழுத்தாளர்கள்.
* பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் ஆர்க்கிடெக்சர் மாணவர்கள்.
* தாத்தா காலத்துக் கடிதங்கள், பத்திரங்கள், கப்பல் டிக்கெட்டுகளை வைத்துக் குடும்ப வரலாறு தேடுபவர்கள்.

முனைவர் பட்டம்தான் வேண்டும் என்றில்லை. படத்தில் இருப்பதை நாளைக்கு யாராவது 'எங்கே இருந்து எடுத்தீங்க?' என்று கேட்கக்கூடும் என்றால், இது உங்களுக்கானது.

தொடங்குவது எப்படி? ஸ்டெப் பை ஸ்டெப்

1. வேலை கேமராவிலேயே தொடங்குகிறது

எந்த மென்பொருளாலும் நீங்கள் எடுக்காத விவரத்தைத் தர முடியாது. எனவே ஒவ்வொரு கட்டையும் பிரிப்பதற்கு முன், அதன் மேலட்டையை, லேபிளை, கோரிக்கைச் சீட்டைப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு உள்ளே உள்ள பக்கங்கள். அடுத்த கட்டு வந்ததும் மீண்டும் லேபிள். படங்களை எடுத்த வரிசையில் பார்க்கும்போது எது எங்கே தொடங்குகிறது என்று இந்த லேபிள் படங்களே காட்டிக்கொடுக்கும்.

கல்வெட்டு என்றால், முதலில் முழுச் சுவரும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று. பிறகு இடமிருந்து வலமாகத் துண்டுகள். ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டோடு கொஞ்சம் மேற்பொருந்தட்டும். அப்போதுதான் வரி எங்கே தொடர்கிறது என்று தெரியும். ஒரு வெள்ளைத் தாளில் 'தெற்குச் சுவர், குமுதம்' என்று எழுதிப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது.

படம் எடுக்க அனுமதி உண்டா, கட்டணம் உண்டா, வெளியிடத் தனி அனுமதி வேண்டுமா என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். இடத்துக்கு இடம் விதி மாறும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம்.

2. வாட்ஸ்அப்பில் அனுப்பாதீங்க!

செல்போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தைக் கொண்டு போகப் பலர் செய்வது, தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்பிக்கொள்வது. வேகமான வழிதான். ஆனால், படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். மங்கிப்போன மை, தேய்ந்த எழுத்து எல்லாம் அங்கேயே போய்விடும். எடுத்த தேதி, நேரம் போன்ற விவரங்களும் நீங்கிவிடும். கேபிள் போட்டு நேரடியாகக் காப்பி செய்வதுதான் சரி. வேறு வழியே இல்லையென்றால் 'டாகுமென்ட்' ஆக அனுப்பலாம்.

கம்ப்யூட்டரில் 'உத்திரமேரூர் 2025-01-18' என்பது போல இடமும் தேதியும் சேர்ந்த பெயரில் ஒரு ஃபோல்டர் போட்டு வையுங்கள். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் ஃபோல்டர்கள் தானாகவே கால வரிசையில் நிற்கும்.

3. புது புராஜெக்ட் திறக்கும்போது ஒரு முடிவு

ட்ரோபியின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்ததும், புதிய புராஜெக்ட் ஒன்றைத் தொடங்கச் சொல்லும். பெயர் வைக்க வேண்டும். கூடவே எந்த வகை என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

'ஸ்டாண்டர்டு' வகை என்றால், நீங்கள் சேர்க்கும் ஒவ்வொரு படத்தின் நகலையும் புராஜெக்ட்டுக்குள்ளேயே எடுத்து வைத்துக்கொள்ளும். மொத்தத்தையும் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றுவது சுலபம். ஆனால் டிஸ்க்கில் இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். ஒரு படம் 4 எம்.பி. என்றால் 300 படத்துக்கு 1.2 ஜி.பி.; நகலோடு சேர்த்து 2.4 ஜி.பி.

'அட்வான்ஸ்டு' வகையில் படங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கும். ட்ரோபி அவை எங்கே இருக்கின்றன என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும். இடம் மிச்சம். ஆனால் பிறகு அந்த ஃபோல்டரை நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ தொடர்பு அறுந்துவிடும். அப்படி அறுந்ததை மீண்டும் இணைக்க வழி உண்டு என்றாலும், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஸ்டாண்டர்டு வகையே பாதுகாப்பு.

ஒரு ஆய்வுக்கு ஒரு புராஜெக்ட் போதும். காப்பகத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று பிரித்தால் எல்லாவற்றிலும் சேர்த்துத் தேட முடியாமல் போய்விடும்.

4. இழுத்துப் போட்டு, சேர்த்துக் கட்டு

ஃபோல்டரிலிருந்து படங்களை அப்படியே இழுத்து ட்ரோபி திரையில் விட்டால் போதும். ஜேபெக், பி.என்.ஜி., டிஃப் ஃபைல்களோடு ஐபோனின் ஹெச்.இ.ஐ.சி. படங்களையும் பி.டி.எஃப். ஃபைல்களையும் ஏற்கும்.

முதலில் ஒவ்வொரு படமும் தனித்தனி 'ஐட்டம்' ஆக வரும். இங்கேதான் உண்மையான வேலை. ஒரே ஆவணத்தைச் சேர்ந்த படங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து, 'மெர்ஜ்' கொடுத்தால் அவை ஒரே ஐட்டமாகிவிடும். உத்திரமேரூர் மாணவிக்கு இப்போது இரண்டு ஐட்டங்கள்: '12-வது ஆட்சியாண்டுக் கல்வெட்டு', '14-வது ஆட்சியாண்டுக் கல்வெட்டு'. உள்ளே உள்ள துண்டுகளை இழுத்து வரிசை மாற்றலாம். தவறாகச் சேர்த்துவிட்டால் பிரிக்கவும் முடியும்.

5. டெம்ப்ளேட்: இதுதான் மூளை

ஒரு ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் விவரங்கள் நிரப்ப ஒரு படிவம் வரும். ட்ரோபியில் ஏற்கெனவே சில படிவங்கள் இருக்கின்றன. பொதுவான ஆவணங்களுக்கான படிவத்தில் தலைப்பு, உருவாக்கியவர், தேதி, தொகுப்பு, பெட்டி, ஃபோல்டர், அடையாள எண், உரிமை போன்ற கட்டங்கள். கடிதங்களுக்கான தனிப் படிவமும் உண்டு. உலகம் முழுவதும் நூலகங்கள் பயன்படுத்தும் 'டப்ளின் கோர்' படிவமும் இருக்கிறது.

அது பொருந்தாவிட்டால் நாமே ஒன்றை உருவாக்கலாம். கல்வெட்டுக்கு என்றால் இப்படி: ஊர், கோயில், சுவரின் திசை, கட்டடப் பகுதி, அரசன், ஆட்சியாண்டு, பதிப்பு விவரம், படம் எடுத்தவர். அரசாணைக்கு என்றால்: துறை, ஆணை எண், ஆணையின் தேதி, கட்டு எண், பக்கம், காப்பகம். எல்லா ஐட்டத்துக்கும் ஒரே பதில் வரும் கட்டங்களுக்கு முன்கூட்டியே பதிலை நிரப்பி வைக்கலாம்.

பத்து, இருபது கட்டங்கள் போட ஆசை வரும். வேண்டாம். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் என்னென்ன எழுத வேண்டுமோ அதுதான் கட்டாயக் கட்டங்கள். அதற்கு மேல் இரண்டு மூன்று சேர்த்தால் போதும். படிவம் நீளமானால் நிரப்பும் கை சோர்ந்துவிடும்.

நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரு வசதி: ஒரே கட்டிலிருந்து வந்த நாற்பது ஐட்டங்களையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, கட்டு எண்ணை ஒருமுறை டைப் செய்தால் நாற்பதுக்கும் பதிவாகிவிடும்.

6. டேக் வேறு, லிஸ்ட் வேறு

புதியவர்கள் குழம்பும் இடம் இது. 'லிஸ்ட்' என்பது வேலையை வைத்துப் பிரிப்பது: 'இயல் 2', 'இயல் 3', 'கருத்தரங்கக் கட்டுரை'. ஒரே ஐட்டத்தைப் பல லிஸ்ட்டில் போடலாம்; நகல் எதுவும் உருவாகாது. லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டும் வைக்கலாம்.

'டேக்' என்பது குணத்தை வைத்து ஒட்டும் சீட்டு: 'படிக்கணும்', 'எழுத்து தெளிவில்லை', 'மேற்கோளுக்கு', 'சந்தேகம்'. கலர் கொடுக்கலாம். தொடக்கத்தில் ஐந்தாறு டேக் போதும்.

7. குறிப்பு எழுதும் இடம்

ஒவ்வொரு படத்தோடும் நோட் எழுதலாம். படத்தின் ஒரு பகுதியை மட்டும் கட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்து, அந்தப் பகுதிக்குத் தனிக் குறிப்பும் எழுதலாம். கல்வெட்டில் வயது வரம்பு வரும் வரியை மட்டும் கட்டமிட்டு, தன் வாசிப்பை மாணவி அங்கேயே எழுதிவிடலாம். அடுத்த முறை வழிகாட்டிப் பேராசிரியர் 'அந்த வரி எங்கம்மா?' என்று கேட்டால், நேராக அந்தக் கட்டத்தைத் திறந்து காட்டலாம்.

படத்தைச் சுழற்றுவது, வெளிச்சம், கான்ட்ராஸ்ட் கூட்டுவது, நெகட்டிவ் ஆக்கிப் பார்ப்பது போன்ற வசதிகளும் உண்டு. மங்கிய மையைப் படிக்கவும் தேய்ந்த எழுத்தைத் தேடவும் இவை கைகொடுக்கும். இவையெல்லாம் பார்வைக்கு மட்டுமே. மூலப் படம் மாறாது.

8. தேடலாம், வெளியே எடுக்கலாம்

தலைப்பு, விவரங்கள், நோட் எல்லாவற்றிலும் ஒரே பெட்டியில் தேடலாம். வேலை முடிந்ததும் விவரங்களை சி.எஸ்.வி. வடிவில் எடுத்து எக்செல்லில் திறக்கலாம். இதற்கு ஒரு சின்ன பிளக்-இன் சேர்க்க வேண்டும். படமும் குறிப்பும் சேர்ந்து பி.டி.எஃப். ஆகவும் பெறலாம். நாளைக்கு ட்ரோபியே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும், உழைப்பு உள்ளே மாட்டிக்கொள்ளாது.

தமிழில் எழுதலாமா?

தாராளமாக. தலைப்பு, குறிப்பு, டேக் எல்லாவற்றையும் யூனிகோடு தமிழில் டைப் செய்யலாம். ஆனால், இரண்டு விஷயத்தில் கவனம் தேவை.

முதலாவது, பழைய டி.டி.பி. ஃபான்ட்டில் அடித்த குறிப்புகளை அப்படியே ஒட்டினால் புரியாத எழுத்துகளாகத்தான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டல். ஒரே ஊரை 'உத்திரமேரூர்', 'உத்தரமேரூர்' என்று இரண்டு விதமாக எழுதுகிறோம். 'திருவாவடுதுறை', 'ஆவடுதுறை' இரண்டும் புழக்கத்தில் உண்டு. கம்ப்யூட்டருக்கு இவை வேறு வேறு சொற்கள். ஒன்றை முடிவு செய்து கடைசி வரை அதையே பயன்படுத்த வேண்டும். எந்த எழுத்துக்கூட்டல் என்பதை ஒரு தாளில் எழுதி மேஜை மேல் ஒட்டிவைத்துக்கொள்வது பழைய பாணிதான். ஆனால் வேலை செய்யும். ஐந்தாறு ஐட்டங்கள் சேர்த்ததும், முதல் நாளே தமிழில் ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிடுவதும் நல்லது.

இதில் என்னென்ன முடியாது?

செல்போனில் ட்ரோபி ஓடாது. கம்ப்யூட்டர் வேண்டும்.

கிளவுட் சேமிப்பு இதனுடன் வராது. படங்கள் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். ரகசியம் காக்க வேண்டிய ஆவணங்களை வைத்து வேலை செய்பவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் லேப்டாப் பழுதானால் காப்பாற்ற யாரும் இல்லை.

ஒரே புராஜெக்ட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்வதற்காக இது உருவாக்கப்படவில்லை. புராஜெக்ட்டை கிளவுட் ஃபோல்டரில் வைத்துக்கொண்டு இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் திறந்தால் ஃபைல் கெட்டுப்போகும் ஆபத்து உண்டு. குழுவாக வேலை செய்பவர்கள் டெம்ப்ளேட்டை எல்லோருக்கும் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு பகுதி பிரித்துச் செய்து, பிறகு சேர்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படிக்கும் பொறுப்பை அதனிடம் விட்டுவிட முடியாது. படத்தில் இருப்பது 30-ஆ 35-ஆ என்று பார்க்க வேண்டியது ஆய்வாளரின் கண்தான்.

பேக்கப்: மூன்று, இரண்டு, ஒன்று

போட்டோகிராஃபர்கள் மத்தியில் பிரபலமான விதி இது. மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்களில், அதில் ஒன்று வேறு இடத்தில். உதாரணமாக லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. கிளவுடுக்குக் காப்பி எடுக்கும்போது ட்ரோபியை மூடிவிட்டு எடுக்க வேண்டும்.

கூகுள் போட்டோஸில் அளவில்லா இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதன் பிறகு ஏற்றும் படங்கள் ஜிமெயில், டிரைவ் எல்லாம் பங்குபோடும் 15 ஜி.பி. கணக்கில்தான் சேரும். 'அதான் கூகுள்ல இருக்கே' என்று நிம்மதியாக இருப்பவர்கள், இடம் நிரம்பி அப்லோடு நின்றுபோயிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பேக்கப் எடுக்கும்போது படங்களை மட்டும் எடுத்துவிட்டு, புராஜெக்ட் ஃபைலை விட்டுவிடுபவர்கள் உண்டு. புராஜெக்ட் ஃபைலில்தான் நீங்கள் எழுதிய எல்லாக் குறிப்பும் இருக்கிறது. அது போனால் மறுபடியும் 'ஐ.எம்.ஜி. 2047' கதைதான்.

'ஏற்கெனவே ரெண்டாயிரம் படம் குவிஞ்சு கிடக்கே... என்ன செய்ய?'

பலரும் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். பழைய குவியல் முழுவதையும் ஒழுங்குபடுத்திவிட்டுத்தான் புதிதாகத் தொடங்குவேன் என்று உட்கார்ந்தால், ஒரு வாரத்தில் வெறுத்துவிடும்.

மாற்று வழி இருக்கிறது. இன்று எடுத்த படங்களிலிருந்து தொடங்குங்கள். பழையவற்றில் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் இயலுக்குத் தேவையானதை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். மீதியை 'வரிசைப்படுத்தணும்' என்று ஒரே லிஸ்ட்டில் போட்டுவிடலாம். தேவைப்படும்போது ஒவ்வொன்றாக எடுத்துக் குறிப்பு எழுதிக்கொள்ளலாம். எங்கே எடுத்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வராத படத்துக்கு, ஊகித்து எழுத வேண்டாம். 'மூலம் தெரியவில்லை' என்று டேக் போடுங்கள். தப்பான விவரத்தைவிட அதுவே மேல். அடுத்த முறை காப்பகத்துக்குப் போகும்போது சரிபார்க்க வேண்டிய பட்டியலும் கையில் தயாராக இருக்கும்.

புதிய படங்களுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும். எடுத்த அன்றே, தூங்கப் போவதற்கு முன், கட்டு எண்ணும் கோப்பு எண்ணும் தேதியும் மட்டுமாவது பதிவு செய்துவிட வேண்டும். முழுக் குறிப்பு எழுத நேரமில்லையா? பரவாயில்லை. படத்தில் உள்ள எழுத்தை அடுத்த வருஷமும் படிக்கலாம். அது எங்கிருந்து வந்தது என்ற விவரம் மட்டும் அடுத்த வாரமே மறந்துவிடும்.

ட்ரோபியைப் பிடிக்கவில்லை என்பவர்கள் எக்செல்லில் ஒரு பட்டியல் போட்டுக்கூட இதைச் செய்யலாம்: படத்தின் எண், ஆவணம், மூலம், தேதி என்று நான்கு நெடுவரிசை. கருவி எது என்பது இரண்டாம்பட்சம். உத்திரமேரூர்ச் சபை 1,100 ஆண்டுகளுக்கு முன் விதியைத் திருத்தியபோது, எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதையும் சேர்த்தே கல்லில் வெட்டி வைத்தது. அதனால்தான் எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று இன்றைக்கும் சொல்ல முடிகிறது.